சாவி யார் கையில்?

2025 ஆகஸ்ட் 8-ம் தேதி தொடங்கி 18-ம் தேதி வரை, உலகெங்கும் 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தன. அந்த நிறுவனங்களின் ஃபயர்வாலை யாரும் உடைக்கவில்லை. ஊழியர் ஒருவர் ஏமாந்துபோய் ஏதோ லிங்க்கை அழுத்தியதும் காரணமில்லை. விவரங்களை வைத்திருந்த சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளிலும் ஓட்டை இல்லை. அவற்றை எடுத்தவர்கள் சரியான சாவியோடு, முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

அந்தச் சாவியை வைத்திருந்தது 'டிரிஃப்ட்' என்ற சாட்பாட். சேல்ஸ்லாஃப்ட் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. இணையதளத்துக்கு வருபவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் பெயரையும் தேவையையும் வாங்கி, சேல்ஸ்ஃபோர்ஸில் பதிவு செய்வது அதன் வேலை. அதற்காக ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனமும் தன் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குக்குள் நுழைய டிரிஃப்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்திருந்தது. திருடர்கள் மார்ச் முதல் ஜூன் வரை சேல்ஸ்லாஃப்டின் கிட்ஹப் கணக்குக்குள் நடமாடினார்கள். அங்கிருந்து டிரிஃப்ட் இயங்கிய அமேசான் கிளவுடுக்குத் தாவி, அத்தனை டோக்கன்களையும் அள்ளினார்கள். ஆகஸ்ட் 20 அன்று எல்லா டோக்கன்களும் ஒட்டுமொத்தமாகச் செல்லாதவை ஆக்கப்பட்டபோது, போக வேண்டியது போய்விட்டது.

பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் கிளவுட்ஃபிளேர், ஸீஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆகிய பெயர்கள் இருந்தன. மூன்றுமே மற்ற நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு விற்பவை. வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு எழுதிய குறிப்புகளுக்குள் கிடந்த, தான் வழங்கிய டோக்கன்கள் மட்டுமே 104 என்று கிளவுட்ஃபிளேர் தேடிக் கண்டுபிடித்து, அவற்றை மாற்றியது. அதே திருடர்கள் ஆக்டா நிறுவனத்தின் கதவையும் தட்டினார்கள். கையில் செல்லுபடியாகும் டோக்கன் இருந்தும் கதவு திறக்கவில்லை. குறிப்பிட்ட ஐபி முகவரிகளிலிருந்து வந்தால் மட்டுமே அந்த டோக்கன் செல்லும் என்று ஆக்டா முன்பே கட்டுப்பாடு போட்டிருந்தது.

ஒரே வகை டோக்கன், ஒரே சாட்பாட், ஒரே திருடர்கள். ஒரு நிறுவனம் தப்பியது, நூற்றுக்கணக்கானவை மாட்டின. வித்தியாசம் ஒரே ஒரு கட்டுப்பாட்டில் இருந்தது. நிறுவன மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை ஒப்பிட வேண்டிய இடமும் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். விற்பனையாளர்கள் மேடையில் காட்டுவது கனெக்டர்களின் எண்ணிக்கையை: ஆயிரம் மென்பொருள்களோடு இணைப்போம், ஐந்தே நிமிடத்தில் இணைப்போம் என்பார்கள். இணைத்தபின் அந்த இணைப்பின் சாவி எங்கே தூங்குகிறது, எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது, எத்தனை அறைகளைத் திறக்கும், பறிக்க எத்தனை நேரமாகும் என்று வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்தச் சந்தை?

ஒரு நிறுவனம் ஒரே மென்பொருளில் ஓடிய காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை எனலாம். கணக்கு ஒன்றில், சம்பளம் இன்னொன்றில், கிடங்கு மூன்றாவதில். இன்று ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய பெரும்பாலான இந்திய நிறுவனங்கள், 2023 ஆகஸ்டிலிருந்து மற்ற நிறுவனங்களுக்குப் போடும் ஜிஎஸ்டி பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கியாக வேண்டும். நடுத்தரமான ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளரின் மென்பொருள்கூட அரசு, வங்கி, கூரியர், வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று நாலு திசையிலும் பேசிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு முதல் ஒழுங்கைக் கொடுத்தவற்றில் ஒன்று, 1993-ல் ஐபிஎம் வெளியிட்ட எம்க்யூசீரிஸ். செய்தியை வரிசையில் போட்டுவிட்டால், எதிர்முனை தூங்கினாலும் விழித்ததும் ஒரே ஒருமுறை போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் அதன் பலம். வங்கிகள் இன்றும் அதன் வாரிசை நம்பி ஓடுகின்றன. வால் ஸ்ட்ரீட் வர்த்தகக் கூடங்களில் விலைத் தகவலைப் பாய்ச்சிய தொழில்நுட்பத்திலிருந்து விவேக் ரணதிவேயின் டிப்கோ வளர்ந்தது. பிறகு கிளவுட் வந்தது, பணமும் வந்தது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்களான ஏபிஐகளைக் காக்கும் அபிஜீயை 2016-ல் கூகுள் 62.5 கோடி டாலருக்கு வாங்கியது. மியூல்சாஃப்டை 2018-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் சுமார் 650 கோடி டாலருக்கு வாங்கியது. பூமி (Boomi) என்ற இணைப்புத் தளத்தை 2010-ல் வாங்கிய டெல், 2021-ல் 400 கோடி டாலருக்கு இரண்டு முதலீட்டு நிறுவனங்களிடம் விற்றது. வெப்மெத்தட்ஸ் 2024-ல் ஐபிஎம் கைக்குப் போனது.

இந்தக் கைமாற்றங்கள் வாங்குபவருக்கு ஏன் முக்கியம்? இணைப்புக் கருவி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பத்தாண்டு அசையாது. அதன் உரிமையாளர் மாறும்போது விலைக் கணக்கு மாறும், எந்தப் பக்கம் முதலீடு போகும் என்பது மாறும். நீங்கள் எழுதிய இணைப்புகளை வேறு கருவிக்கு அப்படியே தூக்கிச் செல்லவும் முடியாது. மியூல்சாஃப்டின் டேட்டாவீவ் மொழியில் எழுதிய உருமாற்றங்கள் போட்டியாளர்களின் கருவிகளில் அப்படியே ஓடாது.

இணைக்கும் தளங்கள்

மியூல்சாஃப்ட் இந்தக் கூட்டத்தில் கனமானது. அதன் இயங்குபொறியை அவர்களுடைய கிளவுடில் ஓட்டலாம், உங்கள் சொந்த டேட்டா சென்டரிலும் ஓட்டலாம். பழைய மெயின்ஃப்ரேமும் புதிய மொபைல் செயலியும் ஒரே கூரையில் வாழும் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் விலை அதிகம், தேர்ந்த டெவலப்பர்கள் கட்டாயம் வேண்டும். நாலு இணைப்புக்காக அதை வாங்குபவர்கள் பிறகு அந்தச் செலவை நியாயப்படுத்துவதற்காகவே எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுவார்கள். அது நல்ல வடிவமைப்பு ஆகாது.

பூமியின் அமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு அம்சம் இருக்கிறது. 'ஆட்டம்' என்ற பெயரில் அறிமுகமான சிறிய இயங்குபொறியை உங்கள் நெட்வொர்க்குக்குள் நிறுவிவிடலாம். அது வெளியே இருக்கும் பூமியின் கிளவுடைத் தானே தொடர்புகொண்டு, என்ன வேலை என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் எந்தத் துளையும் போட வேண்டாம். உள்ளூர்த் தரவு உள்ளூர் மென்பொருள்களுக்கு நடுவே நகரும்போது பூமியின் கிளவுடுக்குள் நுழையவும் தேவையில்லை. வொர்காட்டோவும் இதேபோல உள்ளிருந்து வெளியே பேசும் ஏஜென்ட் ஒன்றைத் தருகிறது. ஆனால் அதன் மைய வேலை கிளவுடில்தான் நடக்கிறது. வேகமாக அமைக்கலாம், கணக்குப் பிரிவுக்காரர்களேகூட அமைக்கலாம். அந்த எளிமைதான் கவனம் தேவைப்படும் இடமும். அவசரத்தில் தன் சொந்த நிர்வாகக் கணக்கின் அனுமதியைக் கொடுத்து இணைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுப் போய்விடுவார் ஒருவர். இணைப்பு அவர் பெயரில், அவர் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் லாஜிக் ஆப்ஸ் இங்கே ஒரு விஷயத்தில் மற்றவற்றைவிட முன்னே நிற்கிறது. அதில் 'மேனேஜ்டு ஐடென்டிட்டி' என்ற வசதி உண்டு. லாஜிக் ஆப் தன் அடையாளத்தை அஸ்யூரிடமே பெற்று, குறுகிய நேரமே செல்லும் டோக்கனை அவ்வப்போது வாங்கிக்கொள்ளும். எந்தக் கோப்பிலும் எந்தப் பாஸ்வேர்டும் எழுதி வைக்கப்படுவதில்லை. எழுதி வைக்கப்படாததை யாரும் கோப்பிலிருந்து திருட முடியாது. அமேசான் கிளவுடில் ரோல்கள் தரும் தற்காலிகச் சாவிகளும் இதே தத்துவம். வரம்பு ஒன்றுதான்: அந்தந்தக் கிளவுடின் எல்லைக்குள்ளும், அந்த அடையாளத்தை ஏற்றுக்கொள்ளும் சேவைகளிடமும்தான் இது செல்லும். வெளியே இருக்கும் கூரியர் நிறுவனத்தின் ஏபிஐ பழைய பாணிச் சாவியைத்தான் கேட்கும்.

கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2-வை இந்தக் கட்டுரையில் விட்டுவிட முடியாது. 2005-ல் சஞ்சீவ வீரவரணவும் தோழர்களும் தொடங்கிய நிறுவனம் அது. ஏபிஐ நிர்வாகம், இணைப்பு, அடையாள நிர்வாகம் மூன்றையும் திறந்த மூலமாகக் கொடுத்து, அமெரிக்கப் பெரு நிறுவனங்களோடு நேருக்கு நேர் நின்றது. 2024-ல் ஸ்வீடனின் ஈக்யூடி அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. மூல நிரலைப் படித்துப் பார்க்கலாம், சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய சுதந்திரம். அதற்கான பொறுப்பும் பெரியது. 2022-ல் அதன் மென்பொருளில் ஒரு ஓட்டை வெளியானது. உள்ளே நுழையும் அனுமதியே இல்லாத ஒருவர், தான் விரும்பிய கோப்பை சர்வரில் ஏற்றி ஓட்டிவிடக்கூடிய ஓட்டை. பத்துக்கு 9.8 என்று அதன் தீவிரம் மதிப்பிடப்பட்டது. திருத்தம் கிடைத்தும் போடாதவர்களைத் தேடித் தாக்கினார்கள். திருத்தத்தை அன்றே போட ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால்தான் சொந்த சர்வர் என்ற முடிவுக்குப் போக வேண்டும். திறந்த மூலக் கருவி எதற்கும் இது பொருந்தும்.

சிறு நிறுவனங்களுக்கு ஸோஹோ ஃப்ளோ, ஸேப்பியர் போன்றவை போதும். அவற்றில் ஆபத்து கருவியில் இல்லை, கொடுக்கும் அனுமதியில் இருக்கிறது.

வாசல் காவல்

ஏபிஐ கேட்வே என்பது இணைப்புகள் உள்ளே வரும் வாசல். வருபவரின் டோக்கனைச் சரிபார்க்கும், நிமிடத்துக்கு இத்தனை முறைதான் என்று கட்டுப்படுத்தும், வந்துபோன கணக்கை எழுதி வைக்கும். என்ஜின்எக்ஸ் மேல் கட்டப்பட்ட காங் இலகுவானது, வேகமானது. அபிஜீ பெரிய அளவில் வெளியாருக்கு ஏபிஐ விற்கும் நிறுவனங்களுக்கு ஏற்றது. அமேசானின் கேட்வே அழைப்பின் எண்ணிக்கைக்குக் காசு வாங்குவதால் குறைந்த போக்குவரத்துக்கு மலிவு. இந்த ஒப்பீட்டை நான் நீட்டப் போவதில்லை. அடிப்படை வேலையில் இவை எல்லாமே தேறியவை. விபத்து நடப்பது கேட்வே இருக்கும் வாசலில் அல்ல, அது இல்லாத வாசலில்.

ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்துக்கு 2022 செப்டம்பரில் நேர்ந்ததைப் பாருங்கள். சுமார் 95 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு இது: 2018-ல் நிரலில் நேர்ந்த பிழையால் அணுகல் கட்டுப்பாடு வேலை செய்யாமல் போனது. 2021-ல் பிரதான தளத்தில் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதே பிழை இருந்த இன்னொரு தளத்தை, பயன்பாடே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை, மறந்துவிட்டார்கள். திருடருக்குப் பெரிய திறமை தேவைப்படவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த கேட்வேயாக இருந்தாலும், தனக்குத் தெரியாத ஏபிஐயை அது காக்காது. ஆகவே கேட்வே வாங்கும்போது, நம் நெட்வொர்க்கில் பதிவில்லாமல் ஓடும் ஏபிஐகளைத் தேடிக் காட்டுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு 2019-லும் 2023-லும் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியல் இரண்டிலும் முதலிடம் ஒன்றுக்குத்தான்: சரியான டோக்கனோடு வரும் ஒருவர், அடுத்தவரின் ஆர்டர் எண்ணைப் போட்டு அடுத்தவரின் விவரத்தைப் பார்ப்பது. கேட்வேயின் கண்ணுக்கு அந்த டோக்கன் சரியானது. அந்த ஆர்டர் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதைச் சரிபார்க்க வேண்டியவர் செயலியை எழுதும் டெவலப்பர். கருவி வாங்கிவிட்டோம் என்று அவரை விட்டுவிடுவது பெரிய தவறு.

விபிஎன்னுக்குப் பிறகு

மென்பொருள்கள் மட்டுமல்ல, ஊழியர்களும் வெளியிலிருந்து உள்ளே வருகிறார்கள்; அதற்கான பழைய வாசல் விபிஎன். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் முடங்கியது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் பாஸ்வேர்டால். ஓடிபி போன்ற இரண்டாம் சோதனை எதுவும் அதில் இல்லை. 2024 ஜனவரியில் இவான்டி விபிஎன் கருவிகளில் ஓட்டை கண்டபோது, 48 மணி நேரத்துக்குள் அவற்றைப் பிடுங்கி வையுங்கள் என்று அமெரிக்க அரசுத் துறைகளுக்கு அந்நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா உத்தரவிட்டது. விபிஎன்னின் அடிப்படைக் குறை இதுதான்: ஒருமுறை உள்ளே விட்டால் வீடு முழுக்க நடமாட விடுகிறது.

அதற்கு மாற்றான சிந்தனையை 2010-ல் ஃபாரஸ்டர் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 'ஸீரோ டிரஸ்ட்' என்று பெயரிட்டு எழுதினார். உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகச் சரிபார் என்பது அதன் சாரம். 2009-ல் சீனாவிலிருந்து வந்த தாக்குதலுக்குப் பின் கூகுள் தன் ஊழியர்களுக்கு இதைச் செயலில் கொண்டுவந்தது. இன்று ஸீஸ்கேலர் பிரைவேட் ஆக்சஸ், கிளவுட்ஃபிளேர் டனல், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா பிரைவேட் ஆக்சஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே பாதையில் போகின்றன: செயலிக்கு அருகில் ஒரு சிறிய கனெக்டர், அது வெளியே பேசும், பயனர் மறுபக்கத்திலிருந்து வருவார், இருவரும் விற்பனையாளரின் கிளவுடில் சந்திப்பார்கள். செயலி இணையத்தில் கண்ணுக்கே தெரியாது.

சந்திக்கும் இடம் விற்பனையாளருடையது என்பதை மறக்க வேண்டாம். போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து வைரஸ் தேடும் வசதி வேண்டுமென்றால், பிரித்துப் பார்க்கும் உரிமையை அவரிடம் கொடுக்கிறீர்கள். டெயில்ஸ்கேல் வேறு வழி எடுத்தது. சுமார் 4,000 வரிகளே கொண்ட, 2020-ல் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்த வயர்கார்டு நெறிமுறையின் மேல் அது நிற்கிறது. இரு முனைகளில் உள்ள கணினிகளும் நேரடியாகப் பேசும், ரகசியச் சாவி கணினியை விட்டு வெளியே வராது, நடுவில் அவர்களுடைய ரிலே வழியே போனாலும் அவர்களால் படிக்க முடியாது. சர்வரும் சர்வரும் பேச வேண்டிய இடத்தில், சிறிய பொறியாளர் குழுவுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் லேப்டாப்பைக் கண்காணிக்க வேண்டிய நிறுவனத்துக்கு ஸீஸ்கேலர் வகை பொருந்தும்.

வெட்டத் தெரிய வேண்டும்

2024 ஜூலை கடைசியில் இந்தியாவில் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ மூலம் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான் பெரும்பாலும். அவற்றுக்குத் தொழில்நுட்பம் தரும் சி-எட்ஜ் நிறுவனத்தைச் சார்ந்த அமைப்பில் ரான்சம்வேர் புகுந்ததும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அந்நிறுவனத்தின் இணைப்பை மட்டும் துண்டித்தது. மற்ற வங்கிகள் வழக்கம்போல் ஓடின. ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு திரும்ப வந்தது. அந்த மக்களின் சிரமம் சிறிதல்ல. ஆனாலும் ஒரு கிளையை மட்டும் உடனே வெட்ட முடிந்ததால்தான் மரம் தப்பியது.

வெட்டுவதில் அரைகுறை எவ்வளவு ஆபத்து என்பதற்கு கிளவுட்ஃபிளேரின் 2023 அனுபவம் சாட்சி. அதே ஆண்டு ஆக்டாவில் நடந்த திருட்டுக்குப் பின் ஆயிரக்கணக்கான சாவிகளில் மாற்றத் தவறியவை ஒரு டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுன்ட்களும்தான். அந்த நாலில்தான் திருடர்கள் நுழைந்தார்கள். பிறகு அந்நிறுவனம் தன் 5,000-க்கும் மேற்பட்ட சாவிகளையும் மாற்றியது, நடந்ததை ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இந்த நேர்மைக்கும் மதிப்பெண் கொடுப்பேன்.

இந்தியாவில் தொழில் செய்பவருக்குச் சட்டமும் நெருங்கிவிட்டது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இணைப்புக் கருவிக்காரர் கையில் கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் தரவைச் சேகரித்தவர்தான். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் கையில் இருக்க வேண்டும் என்பது 2022 முதலே உள்ள உத்தரவு. எந்த டோக்கன் எப்போது எதைத் தொட்டது என்று லாக் தராத கருவியால் அந்த 6 மணி நேரத்தில் என்ன சொல்ல முடியும்?

ஆகவே என் தீர்ப்பு இது. ஏற்கெனவே அஸ்யூரில் வாழும் நிறுவனம் லாஜிக் ஆப்ஸைத் தாண்டி அவசரமாக வேறு தேட வேண்டாம். சொந்த சர்வர்களும் கிளவுடும் கலந்த நடுத்தர நிறுவனத்துக்குப் பூமி. மெயின்ஃப்ரேம் உள்ள வங்கிக்கு மியூல்சாஃப்டோ ஐபிஎம்மோ. நல்ல பொறியாளர்கள் இருந்து, பணம் குறைவாக இருந்தால் டபிள்யூஎஸ்ஓ2, காங். எதை வாங்கினாலும், கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரை உட்கார வைத்து, ஒரு டோக்கனை உங்கள் கண்முன் ரத்து செய்து காட்டச் சொல்லுங்கள். டோக்கனை ஐபி முகவரியோடோ, 2020-ல் நெறிப்படுத்தப்பட்ட முறைப்படி சான்றிதழோடோ கட்டிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கட்டிவைத்தால் திருடியவர் கையில் அது செல்லாது.

புதிய கருவி வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல், கணக்கு, வாடிக்கையாளர் மென்பொருள் ஒவ்வொன்றிலும் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்றொரு பக்கம் இருக்கும். இந்த வாரமே அதைத் திறந்து பாருங்கள். யார் இணைத்தார், எதற்கு இணைத்தார் என்று யாராலும் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள்.